மூன்று பைட்டுக்கு எவ்வளவு இடம்?

ஒரு உரைக்கோப்பில் ‘அ’ என்ற ஒரே எழுத்தைத் தட்டிச் சேமியுங்கள். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் அதற்கு 3 பைட் ஆகும். அந்தக் கோப்பு டிஸ்க்கில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது? ஒரு லினக்ஸ் கணினியில் பார்த்தால் 4,096 பைட். 64 ஜிபி பென் டிரைவில் பார்த்தால் பெரும்பாலும் 1,31,072 பைட். விண்டோஸ் கணினியின் உள் டிஸ்க்கில் பார்த்தால் பூஜ்யம் என்றே காட்டக்கூடும். மூன்று விடைகளுக்கும் காரணம் இருக்கிறது.

டிஸ்க்கில் இடம் பைட் பைட்டாக ஒதுக்கப்படுவதில்லை. கோப்புகளை டிஸ்க்கில் எங்கே, எப்படி வைப்பது என்று நிர்வகிக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்புமுறை என்று பெயர். அது மொத்த இடத்தையும் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. லினக்ஸில் அந்தக் கட்டத்துக்கு பிளாக் என்று பெயர், விண்டோஸில் கிளஸ்டர். பொதுவாக ஒரு கட்டம் ஒரு கோப்புக்கு மட்டுமே சொந்தம். 10,000 பைட் கோப்புக்கு 4,096 பைட் கட்டங்கள் மூன்று தேவை. கடைசிக் கட்டத்தில் 2,288 பைட் காலியாகக் கிடக்கும், வேறு எந்தக் கோப்பும் அதைத் தொட முடியாது. பெரிய கோப்புக்கு இது பொருட்டே இல்லை. மூன்று பைட் கோப்புக்கோ ஏறத்தாழ முழுக் கட்டமும் வீண்.

அப்படியானால் கட்டத்தைச் சிறிதாக்கலாமே என்று தோன்றும். 4 டெராபைட் டிஸ்க்கை 512 பைட் கட்டங்களாக வெட்டினால் சுமார் 781 கோடி கட்டங்கள் வரும். எது காலி, எது நிரம்பியது என்று ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் குறித்து வைப்பதற்கே கிட்டத்தட்ட ஒரு ஜிபி செலவாகும். 4,096 பைட் கட்டங்களாக வெட்டினால் அந்தக் கணக்கேடு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். வேகமும் இதில் அடங்கியிருக்கிறது. சுழலும் டிஸ்க்கில் கோப்பு பொடிப்பொடியாகச் சிதறினால், படிக்கும் முனை ஒவ்வொரு துண்டுக்கும் இடம் மாறி ஓட வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கோப்புமுறையைத் திருத்தி எழுதியவர்கள் இந்த இழுபறியை எண்களாலேயே காட்டினார்கள். மெக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி ஆகிய நால்வரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. 775.2 மெகாபைட் தரவை, ஒவ்வொரு கோப்பின் விவரங்களைக் குறிக்கும் பதிவுகளையும் சேர்த்து, 512 பைட் கட்டங்களில் வைத்தால் 828.7 மெகாபைட் பிடித்தது. 4,096 பைட் கட்டங்களில் வைத்தால் 1,128.3 மெகாபைட். பழைய முறையில் கட்டத்தை 512-இலிருந்து 1,024 ஆக்கியதுமே வேகம் இரு மடங்குக்கு மேல் கூடியதையும் அவர்கள் கண்டிருந்தார்கள். வேகத்தை விடவும் மனமில்லை, இடத்தை இழக்கவும் மனமில்லை. ஆகவே கட்டத்தைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, கோப்பின் வால்பகுதிக்கு மட்டும் ஒரு கட்டத்தை இரண்டு, நான்கு அல்லது எட்டுத் துண்டுகளாக வெட்டிப் பல கோப்புகளுக்குப் பங்கிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் அந்தத் தீர்வின் தெளிவு என்னை வியக்க வைக்கிறது.

பென் டிரைவின் பெரிய எண்ணுக்கு வருவோம். ஃபேட்16 என்ற பழைய கோப்புமுறையில் கட்டங்களுக்கு எண்ணிட 16 பிட்தான் இருந்தது, அதாவது அதிகபட்சம் 65,536 எண்கள். 2 ஜிபி டிஸ்க்கை அத்தனை கட்டங்களுக்குள் அடக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் 32 கிலோபைட்டாக இருந்தாக வேண்டும். 1996-இல் வந்த ஃபேட்32 அந்த நெருக்கடியைத் தீர்த்தது. இன்றைய பெரிய பென் டிரைவுகளில் பரவலாக உள்ள எக்ஸ்ஃபேட் கோப்புமுறையில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் 32 ஜிபிக்கு மேற்பட்ட கருவிகளில் விண்டோஸ் இயல்பாக 128 கிலோபைட் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆயிரம் பைட் கோப்புகள் ஒரு லட்சம் இருந்தால் உள்ளடக்கம் 100 மெகாபைட்தான். அவற்றை அப்படியே அந்தப் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் 13 ஜிபி போய்விடும். ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டிக்கொண்டு போனால் இந்த இழப்பு இல்லை.

பூஜ்யம்தான் மூன்றிலும் அழகான விடை. எந்தக் கோப்புக்கும் அதன் பெயர், தேதி, உரிமை போன்ற விவரங்களைக் குறிக்க ஒரு பதிவு தேவை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அந்தப் பதிவு வழக்கமாக 1,024 பைட். விவரங்கள் போக மிஞ்சும் இடத்தில், ஏறக்குறைய 700 பைட் வரை, கோப்பின் உள்ளடக்கத்தையே எழுதிவிடுகிறார்கள். ஒரு வெண்பா தாராளமாக அடங்கும். தனிக் கட்டம் எதுவும் ஒதுக்கப்படாததால் டிஸ்க்கில் பிடிக்கும் இடமாக விண்டோஸ் காட்டும் ‘வட்டில் அளவு’ பூஜ்யமாகிறது. பதிவை எப்படியும் படித்தாக வேண்டும், அதோடு கோப்பும் கைக்கு வந்துவிடுவதால் டிஸ்க்குக்கு இரண்டாவது நடை மிச்சம். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் முறையும் சிறு கோப்புகளை இப்படித் தன் பதிவு மரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. ரெய்சர்எஃப்எஸ் கோப்புகளின் வால்களையும் அப்படிச் சேர்த்துக் கட்டியது. இடம் மிச்சமானது, ஆனால் கோப்பு வளரும்போதெல்லாம் வாலைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டியிருந்தது. வேகம் வேண்டியவர்கள் அந்த வசதியை அணைத்தே வைத்தார்கள்.

பதிவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் கோப்புப் பதிவுக்கு ஐநோட் என்று பெயர். டிஸ்க்கை வடிவமைக்கும்போதே, வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ஐநோட்களின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு கோப்பும் ஒரே கட்டத்தில் அடங்கும் அளவுக்குச் சிறியது என்றால், டிஸ்க்கில் கால்வாசி நிரம்பும்போதே ஐநோட்கள் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்க முயன்றாலும், முக்கால்வாசி டிஸ்க் காலியாக இருக்கும்போதே, ‘இடமில்லை’ என்ற பதில்தான் வரும்.