ஆஃப்செட்: சுழிப்பிழையா, சுழித் திருத்தமா?

மூலக்கடைப் பக்கம் ஒரு கார் பட்டறை. என்ஜினுக்குள் போகும் காற்று-எரிபொருள் விகிதத்தை டேஷ்போர்டில் இருந்த வைட்பேண்ட் மீட்டர் 13.0 என்று காட்டியது, ஈசியூவோடு (என்ஜினை ஆளும் கணினி) இணைத்த லேப்டாப்பில் 13.2. இரண்டுக்கும் சேதி போவது எக்ஸாஸ்ட் குழாயில் செருகிய ஒரே ஆக்சிஜன் சென்சாரிலிருந்துதான். "0.1 வோல்ட் ஆஃப்செட் இருக்கு, போட்டுச் சரி பண்ணு" என்றார் மூத்த மெக்கானிக். தம்பி மென்பொருளில் 'ஆஃப்செட்' என்றிருந்த கட்டத்தில் 0.1 என்று தட்டினார். ரீடிங் 13.4 ஆகிவிட்டது.

"அண்ணே, நீங்க சொன்னதத்தானே போட்டேன்?"

சொன்னதைத்தான் போட்டார். பாதித் தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்றால் விலகி, 'செட்' என்றால் வைப்பது. 16ஆம் நூற்றாண்டில் பயணம் கிளம்புவதை இந்தச் சொல் குறித்தது. அப்புறம் தாய்ச்செடியின் பக்கத்தில் கிளைக்கும் கன்றுக்குப் பெயரானது. பின்னாளில், ஒன்றை ஈடுகட்ட எதிரே வைப்பதும் ஆஃப்செட்தான். நமக்குப் பழக்கம் அச்சகப் பலகையில்: தகட்டு மை நேரே தாளில் படாமல் ரப்பர் விரிப்புக்கு மாறி, அங்கிருந்து தாளுக்கு வருவது ஆஃப்செட் அச்சு. ஆக விலகலுக்கும் அதே சொல், விலகலை ஈடுகட்டுவதற்கும் அதே சொல். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்தால் பட்டறையில் தடுமாற்றம் வரத்தான் செய்யும்.

தமிழில் 'விலக்கம்' என்றால் முதல் பாதி மட்டும் வருகிறது, 'ஈடு' என்றால் இரண்டாவது மட்டும். ஆனால் பள்ளி இயற்பியலில் வெர்னியர் அளவியோடு நாம் படித்த இரண்டு சொற்கள் இருக்கின்றன: சுழிப்பிழை, சுழித் திருத்தம். நீர்ச்சுழி, பிள்ளையார் சுழியில் வரும் அதே சுழிதான், இங்கே பூஜ்ஜியம். அளவி மூடியிருக்கும்போதே 0.1 காட்டினால் அது நேர் சுழிப்பிழை. திருத்தம் அதற்கு எதிர்க்குறியில், -0.1. காசிமேட்டில் மின்தராசில் வெறும் கூடையை வைத்து "சைபர் பண்ணிட்டு மீனைக் கொட்டு" என்பதும் இதே கணக்கு. மெக்கானிக் 'சுழிப்பிழை 0.1' என்று சொல்லியிருந்தால், தம்பியின் கை தானாகக் கழித்தல் குறிக்குப் போயிருக்கும்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? சென்சாரைப் படிக்கும் வைட்பேண்ட் கன்ட்ரோலர் தன் அளவை 0 முதல் 5 வோல்ட் வரையான மின்னழுத்தமாக ஈசியூவுக்கு அனுப்புகிறது. 0 வோல்ட்டுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 10, 5 வோல்ட்டுக்கு 20 என்று அமைத்திருந்தால், ஒரு வோல்ட்டுக்கு 2 புள்ளி. 0.1 வோல்ட் பிசகினால் 0.2. சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் உண்டு. அதன் மின்னோட்டம் மெலிந்த எர்த் வயர் வழியாகத் திரும்பும்போது கன்ட்ரோலரின் 'பூஜ்ஜியம்' ஈசியூவின் பூஜ்ஜியத்தைவிடச் சற்று உயர்ந்துவிடும். அப்போது லேப்டாப் உண்மையைவிட லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக இருப்பதாகக் காட்டும். அதை நம்பி டியூன் செய்பவர் பெட்ரோலைக் கூட்டுவார். ஈசியூவின் எர்த் உயர்ந்தால் நிலைமை தலைகீழ்: ரிச்சாக, பெட்ரோல் அதிகமாக இருப்பதாகத் தெரியும், அதைக் குறைப்பார், முழு லோடில் என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். பிஸ்டனுக்கே ஆபத்து.

எல்லா ரீடிங்கிலும் ஒரே அளவு பிசகினால்தான் அது சுழிப்பிழை. ரீடிங் ஏற ஏறப் பிசகும் ஏறினால் அளவுகோல் பொருந்தவில்லை என்று பொருள், அதற்குத் திருத்தம் வேறு. ரேடியேட்டர் ஃபேனோ ஹெட்லைட்டோ போட்டதும் பிசகு மாறினால், எந்த எண்ணைத் தட்டியும் பயனில்லை. வயரைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று கட்டத்தில் தம்பி மறுபடி சைபர் போட்டுப் பார்த்தபோது, ஃபேன் ஓடியதும் 13.2 என்பது 13.3 ஆனது. கன்ட்ரோலரின் எர்த்தை பாடியிலிருந்து கழற்றி, ஈசியூ எர்த் இறங்கும் அதே போல்ட்டில், துரு சுரண்டி முறுக்கினார்கள். மீட்டரில் 13.0, லேப்டாப்பிலும் 13.0. கட்டத்தில் தம்பி சைபரையே விட்டுவைத்தார்.