கேசட்டுக்கு மாஸ்டர் கொண்டுவருபவர்களே, லிமிட்டரைக் கழற்றிவிடுங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது முறை. கோத்தகிரியிலிருந்து சில இளைஞர்கள் மழையில் நனைந்தபடி குன்னூரில் இருக்கும் என் பதிவறைக்கு வந்தார்கள். படுக மொழியில் அவர்களே எழுதிய பாடல்கள். கோத்தர் நண்பர் ஒருவரின் குழலும் பறையும் சேர்ந்து, கேட்கக் கேட்க நெஞ்சை நிறைக்கும் இசை. நூறு கேசட் வேண்டும் என்றார்கள். பிரதிகள் எடுக்க மூலமாக, அதாவது மாஸ்டராக, பென்டிரைவில் இருந்ததோ இணையத்தில் ஏற்றுவதற்காக லிமிட்டர் என்னும், எழும் ஒலியை ஒரு மட்டத்துக்கு மேல் போகாமல் தடுக்கும் கருவியால் அழுத்திப் பிழிந்த எம்.பி.3 கோப்பு. திரையில் அலைவடிவம், கவாத்து செய்த தேயிலைத் தோட்டம் போல ஒரே மட்டமாகக் கிடந்தது.

"சத்தமாக இருந்தால்தானே அண்ணா கேசட்டில் நன்றாக விழும்?" என்று ஒருவர் கேட்டார்.

விழாது. எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! கேசட் நாடாவின் அகலம் 3.81 மி.மீ. அதற்குள் இரு பக்கங்களுக்கும் சேர்த்து நான்கு தடங்கள். ஓடும் வேகமோ வினாடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே. இவ்வளவு மெல்லிய இடத்தில் காந்தத் துகள்கள் ஓரளவுக்கு மேல் ஒலியை ஏற்க மாட்டா. முதலில் திணறுவது கூரிய, உயர் அதிர்வெண் ஒலிகள்தான்: 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகள், தாளத்தட்டு, குழலின் கூர்மை. ஒரு கணம் மட்டும் எழுந்து அடங்கும் பறையடியை நாடா மென்மையாக வாங்கிக்கொள்ளும். மூச்சுவிடாமல் நிற்கும் சத்தத்தை அதனால் தாங்க முடியாது. 'ஸ' எல்லாம் கிழிந்த துணி போல ஒலிக்கும். அதைத் தவிர்க்க நான் பதிவு அளவைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் பாட்டு முழுவதும் நாடாவின் இரைச்சலுக்கு அருகே இறங்கிவிடும். சத்தத்துக்காக நீங்கள் செய்த வேலை, கடைசியில் சத்தத்தையே தின்றுவிடுகிறது. அடங்கும் இடத்தில் அடங்கி, எழும் இடத்தில் எழும் கோப்பைக் கொடுங்கள். அதைத்தான் என்னால் கேசட்டில் நிறைவாக ஏற்ற முடியும்.

ஆகவே, மிக்ஸிங் செய்தவரிடம் கேட்டு, லிமிட்டர் போடாத, எம்.பி.3 போலச் சுருக்காத 24 பிட் வேவ் கோப்பை வாங்கி வாருங்கள். எம்.பி.3-ஐ வேவ் ஆக மாற்றி எடுத்து வராதீர்கள். போனது போனதுதான், திரும்பாது. குரலில் 'ஸ' கூர்மையாகக் குத்தினால் டீ-எஸ்ஸர் போட்டு அங்கேயே தணியுங்கள். அடிநாதத்தை இடம் வலம் என்று பரப்பாமல் நடுவில் வையுங்கள்.

கால அளவு இன்னொரு தலைவலி. சி-60 என்றால் இரு பக்கமும் சேர்ந்து 60 நிமிடம், ஒரு பக்கத்துக்கு 30. பாடல்களுக்கு நடுவே விடும் இடைவெளியையும் அதில் கூட்டுங்கள். கடைசிச் சரணம் பாதியில் அறுந்தால் கேட்பவருக்கு அது பாட்டே இல்லை. பத்துத் தனிக் கோப்புகள் வேண்டாம். ஏ பக்கத்துக்கு ஒன்று, பி பக்கத்துக்கு ஒன்று, இடைவெளிகளோடு தொடர்ச்சியாக வேண்டும். இரண்டும் சம நீளமாக அமையாவிட்டால் நீண்டது ஏ பக்கத்தில் இருக்கட்டும். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறை வேண்டாம் என்பதே என் கருத்து. இன்று வரும் புதிய கருவிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

சிலர் தாத்தா பாடிய பழைய கேசட்டையே மாஸ்டராகக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து வீட்டில் அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். நம் மலை ஈரத்தில் நாடா ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கும். ஓடவிட்டால் கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். அப்படியே எடுத்து வாருங்கள். சுத்தம் செய்து ஒரே ஒருமுறை ஓட்டி, அப்போதே கணினியில் ஏற்றிவிடுவேன். புதுப் பிரதிகளையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோடு ஒட்டிய அலமாரியில் அடுக்காதீர்கள்.

கோத்தகிரி இளைஞர்களின் புதிய கோப்பு நேற்று வந்தது. இம்முறை பறை எழுகிறது, குழல் மூச்சுவிடுகிறது. ஒரே ஒரு சோதனைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் சாதாரண டெக்கில் போட்டு, முதலிலிருந்து முடிவு வரை கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சரி என்று சொன்ன பிறகே மற்ற 99-ஐத் தொடுவேன்.