எஞ்சினை மாற்றிய காருக்கு இன்சூரன்ஸ் உண்டா?

பெங்களூரில் சர்வேயராக, அதாவது விபத்தில் சிக்கிய வாகனங்களின் சேதத்தை மதிப்பிடுபவனாக இருக்கிறேன். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “சார், காருக்குப் பெரிய எஞ்சின் போட்டுவிட்டேன். பிரீமியம் எவ்வளவு கூடும்?” கூடுதலாகப் பணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே உடைத்துவிடுவதுதான் நான் அவர்களுக்குச் செய்யும் நன்மை.

கணக்கைப் பார்த்தால் தொகை சிறியதுதான். பழைய மாருதி ஜென் காரின் எஞ்சின் கொள்ளளவு 993 சி.சி. அதை எடுத்துவிட்டு பழைய பலேனோ செடானின் 1590 சி.சி. எஞ்சினைப் பொருத்துவது பட்டறைகளில் வெகுகாலமாக நடந்துவரும் வேலை. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத சொந்த உபயோகக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு (விபத்தில் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய். இந்த வித்தியாசத்தைக் கட்ட யாரும் தயங்க மாட்டார்கள். ஆனால், ஆர்.சி.யில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கும் சி.சி.யையும் எஞ்சின் எண்ணையும் வைத்துத்தான் பாலிசி எழுதப்படுகிறது. ஆர்.சி. 993 என்று சொல்லும்போது 1590க்கு யாரும் பாலிசி தர முடியாது.

அப்படியானால் ஆர்.சி.யைத் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். அங்கேதான் கதவு அடைபடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே ரக எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியுடன் பொருத்தலாம், அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட்டும் போடலாம். வேகத்துக்காகப் பெரிய எஞ்சின் போடுவதற்கு அதில் இடமில்லை. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

“யாருக்குத் தெரியப்போகிறது?” என்பது அடுத்த கேள்வி. ஓசூர் சாலையில் லாரி மோதிய ஒரு ஜென்னைப் பார்க்கப் போயிருந்தேன். தவறு முழுக்க லாரி மீதுதான். பானெட்டைத் தூக்கியதும், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டுகளில் கம்பெனி வேலையாக இல்லாத வெல்டிங் தழும்புகள் கண்ணில் பட்டன. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எஞ்சின் பிளாக்கில் இருந்த கிரீஸைத் துடைத்து, அதில் பொறித்த எஞ்சின் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். தாளில் பதிந்த எண் ஒன்று, ஆர்.சி.யில் இருந்த எண் வேறு. நான் பார்த்ததை அறிக்கையில் எழுதியாக வேண்டும். சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் மறுக்கப்பட்டது. பாலிசி கேட்டுக் கொடுக்கும் புரபோசல் படிவத்தில் தந்த பதில்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. பிரீமியம் ஒழுங்காகக் கட்டிய ரசீதுகள் அங்கே உதவவில்லை. அந்தப் பையனின் அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இழந்தது ஒரு காரின் பழுதுபார்ப்புச் செலவு. எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. சுமார் 50 குதிரைத்திறனுக்காக வடிவமைத்த பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் வைத்துக்கொண்டு 90க்கு மேல் தரும் எஞ்சினோடு ஒருவர் சாலையில் போகிறார். குறுக்கே ஒருவர் வந்துவிட்டால்? உயிரிழப்புக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. முக்கியமான விவரத்தை மறைத்துப் பாலிசி பெற்றதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவின் கீழ் காப்பீட்டு நிறுவனம் வாதிட முடியும். இதுபோன்ற வாதங்கள் எழும்போது, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் பணம் கொடுங்கள், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பாயங்கள் நிறுவனத்துக்கு உத்தரவிடுவது உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது நியாயம்தான். உரிமையாளர் வீட்டுக்கு வருவதோ லட்சக்கணக்கில் வசூல் நோட்டீஸ்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: பழைய எஞ்சின் கையில் இருந்தால் அதையே திரும்பப் பொருத்துங்கள். அது போய்விட்டது என்றால், அதே ரக எஞ்சினை முறையான பில்லுடன் வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றி, நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தக் குறிப்பு வாங்குங்கள். கடனில் இருக்கும் கார் என்றால் வங்கியின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். பில் இல்லாத எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள். அது திருட்டுக் காரிலிருந்து வந்ததாக இருந்தால் உங்களைத் தேடி வருவது போலீஸ்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றம் உங்கள் தலையில் விழும். ஓசூரிலிருந்து தமிழ்நாட்டுப் பதிவெண் காரை வாங்கி இங்கே மறுபதிவுக்குக் கொண்டுபோகும்போது இது அம்பலமானால், கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பிளாக்கைத் துடைத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். “கிரீஸ் படிந்திருக்கிறது, தெரியாது” என்று விற்பவர் மழுப்பினால் முன்பணம் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.