பிரௌனிங் ஹை-பவர்: ஒரு பழைய கைத்துப்பாக்கியின் நிறையும் குறையும்

பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1935இல் வெளியிட்ட பிரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கியின் மேகசினை, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை, உருவிப் பார்த்தால், அது அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பது விளங்கிவிடும். தகட்டாலான அந்தப் பெட்டிக்குள் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் நிற்பதில்லை; இடமும் வலமுமாக மாறி மாறி, ஒன்றின் இடுக்கில் மற்றொன்று பொருந்தி அமர்ந்திருக்கின்றன. மேல்வாய்க்கு வரும்போது பெட்டியின் பக்கங்கள் குவிந்து இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அமெரிக்க ராணுவத்தின் 1911 மாதிரிக் கைத்துப்பாக்கியின் மேகசின் 7 தோட்டாக்களையும், ஜெர்மானிய லூகர் 8 தோட்டாக்களையும் கொண்டிருந்த காலத்தில், இது 13 தோட்டாக்களைக் கொண்டது. அப்படியும் அதன் பிடி ஒரு சராசரிக் கைக்குள் அடங்கியது.

முதல் உலகப்போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் கேட்டதற்கிணங்கவே இதன் வடிவமைப்பு தொடங்கியது. நிறையத் தோட்டாக்கள் வேண்டும், சுத்தியல் வெளியே தெரிய வேண்டும், மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி சுடக்கூடாது என்பவை அந்த ராணுவத்தின் நிபந்தனைகளில் சில. ஜான் மோசஸ் பிரௌனிங் 1923இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1926 நவம்பரில் பெல்ஜியத்திலேயே காலமானார். வேலையை முடித்தவர் டியூடொன்னே சைவ். மேலே சொன்ன இரட்டை வரிசை மேகசின் அவருடைய ஆக்கம். கேட்ட பிரான்ஸ் கடைசியில் வேறொரு துப்பாக்கியைத் தேர்ந்துகொண்டது. ஆனால் அந்த ராணுவத்தின் நிபந்தனைகள் இதன் உடலில் நிலைத்துவிட்டன. இதன் சிறப்புகளையும் குறைகளையும் எடைபோடும்போது இந்த வரலாற்றை மறக்கக்கூடாது.

முதலில் இது இயங்கும் விதத்தைப் பார்ப்போம். 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது அதன் உறைக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 2,300 மடங்கு வரை போகக்கூடும். அந்த அழுத்தம் இருக்கும்போது குழலின் பின்வாய் திறந்துவிட்டால் உறை கிழிந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தில் பாயும். ஆகவே குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை பின்வாய் பூட்டியே இருக்க வேண்டும்; வெளியேறிய பிறகு தானாகவே திறக்கவும் வேண்டும். ஹை-பவரில் குழலின் மேற்புறத்தில் புடைத்த இரண்டு வரம்புகள் உள்ளன. அவை குழலை மூடியபடி முன்னும் பின்னும் நகரும் மேலுறையான ஸ்லைடின் உட்புறப் பள்ளங்களில் பொருந்தி, குழலையும் ஸ்லைடையும் ஒரே பொருளாக்குகின்றன. ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள குண்டு முன்னே பாயும்போது, உந்தம் மாறாது என்ற விதிப்படி, இந்த இணை பின்னே நகர்கிறது. இணையின் எடை குண்டின் எடையைப்போலப் பல பத்து மடங்கு என்பதால், குண்டு 118 மி.மீ. நீளக் குழலைக் கடந்து முடிக்கும் நேரத்தில் இணை நகர்ந்திருப்பது இரண்டொரு மில்லிமீட்டர்தான். இதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இணை இன்னும் சில மில்லிமீட்டர் பின்வாங்கும்போது, குழலின் அடியிலுள்ள சாய்வான வெட்டு, சட்டத்தில் நிலையாகப் பதிந்திருக்கும் ஒரு குறுக்குத் தண்டில் உரசி, குழலின் பின்பகுதியைக் கீழே இழுக்கிறது. வரம்புகள் பள்ளங்களை விட்டு விலகுகின்றன. குழல் நின்றுவிட, ஸ்லைடு மட்டும் பின்னே ஓடி, காலி உறையை வெளியே எறிந்து, சுத்தியலைச் சாய்த்து, ஸ்பிரிங்கின் உந்துதலால் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுகிறது. 1911 மாதிரியில் இதே வேலையைச் செய்ய ஆணியில் அசையும் ஒரு சிறு இணைப்புத் துண்டு இருந்தது. அதற்குப் பதிலாகக் குழலோடு ஒன்றாக அமைந்த சாய்வு வெட்டு வந்ததால், தேய்ந்தும் முறிந்தும் போகக்கூடிய ஓர் உறுப்பு குறைந்தது. என் கணிப்பில் இந்தத் துப்பாக்கியின் மிகப் பெரிய சிறப்பு இதுவே. இன்று விற்பனையில் உள்ள 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை குழலை இறக்குவதற்கு இதே வழியைத்தான் கையாள்கின்றன.

இனி குறைகள். சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை அழுத்தினால் அதனோடு இணைந்த ஒரு நெம்பு மேலெழுந்து, ஸ்லைடுக்குள் கிடக்கும் மற்றொரு நெம்பின் முன்முனையை உயர்த்துகிறது. அதன் பின்முனை தாழ்ந்து, சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கியை விடுவிக்கிறது. இத்தனை உறுப்புகள் வழியே போகும் அசைவு துல்லியமாக இருப்பது கடினம். அதற்கும் மேலாக, பிரெஞ்சு நிபந்தனைக்காகச் சேர்க்கப்பட்ட மேகசின் பூட்டு ஒன்று உண்டு. விசையோடு சேர்ந்த ஒரு சிறு முளை ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு மேகசினின் முன்புறத் தகட்டில் சாய்ந்து நிற்கிறது. மேகசின் இருந்தால் முளை உள்ளே தள்ளப்பட்டு விசை வேலை செய்யும், இல்லையென்றால் செய்யாது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அந்த முளை தகட்டின் மீது உராய்ந்தே நகர வேண்டியிருப்பதால், விசை கனமாகவும் சொரசொரப்பாகவும் தோன்றுகிறது. பொத்தானை அழுத்தினாலும் மேகசின் தானே விழாமல் தங்கிவிடுவதற்கும் இந்த உராய்வே காரணம். மேகசினை எடுத்த பிறகு குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருப்பதை மறந்து விசையை அழுத்துபவர்களை இந்தப் பூட்டு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் துப்பாக்கியைக் கையாளும் எவரும் குழலைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்கு ஈடாக ஒரு முளையை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு குறை கையில் நேரடியாகத் தெரியும். ஸ்லைடு பின்னே வந்து சுத்தியலைச் சாய்க்கும்போது, சுத்தியலின் வளையத்துக்கும் பிடியின் மேல்முனைக்கும் இடையே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசை சிக்கி நசுங்குகிறது. சதைப்பற்றுள்ள கை உடையவர்களுக்கு இது சில சுற்றுகளிலேயே இரத்தக் கோடாகிவிடும். இடப்பக்கத்தில் மட்டும் இருந்த பழைய பாதுகாப்புத் தாழ்ப்பாளும் மிகச் சிறியது. பதற்றத்தில் கட்டைவிரலுக்கு எளிதில் அகப்படாது. சுத்தியலைச் சாய்த்து வைத்தால்தான் முதல் சுற்றைச் சுட முடியும் என்பதால் அந்தத் தாழ்ப்பாள் நன்றாக இருப்பது இங்கே மிகவும் முக்கியம். 1938இல் வந்த வால்தர் பி38 இந்தச் சிக்கலை, விசையை நீளமாக இழுத்தே முதல் சுற்றைச் சுடும் அமைப்பால் தீர்த்தது.

தொடக்ககால மாதிரிகளில், சுத்தியல் அடித்ததும் தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்கச் செய்யும் குத்தூசியைத் தடுக்கும் பூட்டு கிடையாது. 1980களின் இறுதியில் வந்த மூன்றாம் மாதிரியில்தான் அது சேர்ந்தது. ஆகவே, தோட்டா நிரப்பிய பழைய துப்பாக்கி முகவாய் தரையில் மோத விழுந்தால் வெடிக்கும் அபாயத்தை ஒதுக்கிவிட முடியாது. இதைக் குறைகளில் தலையாயதாகவே கருதுகிறேன். 1962க்கு முன் செய்யப்பட்டவற்றில் உறையை இழுக்கும் கொக்கி ஸ்லைடுக்குள்ளேயே மறைந்திருந்தது. பழுதானால் மாற்றுவது கடினம். தோட்டா மேகசினிலிருந்து ஏறிக் குழலுக்குள் நுழையும் சரிவு, பழைய குழலில் உருண்டை முனைக் குண்டுக்காக வடிவமைக்கப்பட்டதால், குழிமுனைக் குண்டுகள் அதில் தடுக்கி நிற்கக்கூடும்.

எஃகு உடலின் எடை இரண்டு பக்கமும் பேசும். ஏறத்தாழ 1 கிலோ எடை பின்னுதைப்பை மென்மையாக்கி அடுத்த சுற்றுக்குக் குறியை விரைவில் திருப்புகிறது; நாள் முழுவதும் இடுப்பில் சுமப்பவருக்கு அது பாரம். 2013இல் பிரிட்டிஷ் ராணுவம் இதற்குப் பதிலாகத் தெரிந்தெடுத்த கிளாக் 17, பிளாஸ்டிக் சட்டத்தால் சுமார் 625 கிராம்தான், கொள்ளளவோ 17. இந்தியாவில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஹை-பவர் வடிவத்தை 9 மி.மீ. 1ஏ என்ற பெயரில் ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் தயாரித்துள்ளது.

2018 வாக்கில் பழைய ஹை-பவரின் உற்பத்தி நின்றது. 2022இல் எஃப்.என். அதே பெயரில் புதிய துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் எஃகு உடலும், வெளியே தெரியும் சுத்தியலும், சாய்த்துச் சுடும் முறையும் இருந்தன. கொள்ளளவு 17 ஆனது. தாழ்ப்பாள் இருபுறமும் வந்தது. மேகசின் பூட்டு இல்லை.