மொடல்: ‘வடிவழகி’ ஏன் பொருந்தாது?

கொழும்பில் வெளிவரும் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இணைப்பில் கிரேஸ் ஜோன்ஸ் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. தலைப்பின் கீழே கொட்டை எழுத்தில் ‘ஜமேக்காவின் வடிவழகியும் ஆடம்பரப் பாடகியும்’ என்று போட்டிருந்தார்கள். மொடல் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் ‘வடிவழகி’ என்று போடும் வழக்கம் கொஞ்ச நாளாகவே நடந்துவருகிறது. விளம்பரத்தில், தொலைக்காட்சிச் செய்தியில், பட்டப்படிப்பு ஆய்வேட்டில்கூடப் பார்த்துவிட்டேன். கிரேஸ் ஜோன்ஸுக்கே இந்தச் சொல்லைச் சூட்டிய பிறகு இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடுவோம். இலத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதன் சிறுமை வடிவம் ‘மோடுலுஸ்’. அதிலிருந்து இத்தாலியத்தில் ‘மொதெல்லோ’ வந்தது, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்தது. கட்டடம் எழுப்புமுன் கொத்தனாருக்குக் காட்டும் சிறிய உருவம், ஓவியன் பார்த்து வரைவதற்காக முன்னால் அமரும் ஆள், தையல்காரர் தைத்த உடையை வாடிக்கையாளருக்கு அணிந்து காட்டுபவர் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. உடை காட்டும் தொழிலை 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் சார்ல்ஸ் பிரெடெரிக் வேர்த் என்ற உடையமைப்பாளர் நிலைநிறுத்தினார். அவருடைய மனைவி மரீ வெர்னேயைத்தான் முதல் மொடல் என்று பலரும் குறிப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரர் இந்தத் தொழில் செய்பவரை ‘மனகான்’ என்பார்கள். அதன் வேர் ‘சின்ன மனிதன்’ என்ற டச்சுச் சொல். ஆக, மூலத்தில் இருப்பவை அளவும் உருவமும் ஆளும்தான். அழகு என்ற பேச்சு எங்கேயும் இல்லை.

இனி வடிவழகி. இதை ஆக்கியவர் வடிவு என்பதை உருவம் என்று எடுத்துக்கொண்டு, அதனோடு அழகியைச் சேர்த்திருக்க வேண்டும். வடிவுக்கு உருவம், அழகு என்று இரண்டு பொருளும் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் எந்தப் பொருள் முன்னே நிற்கிறது? வெள்ளவத்தைச் சந்தையில் ‘பொம்பிளை நல்ல வடிவாம்’ என்று ஓர் அம்மா சொன்னால், பெண் அழகானவள் என்பதைத் தவிர யாருக்கும் வேறொன்றும் தோன்றாது. ‘வடிவாப் பாருங்கோ’ என்றால் கவனமாகப் பார்க்கச் சொல்வது, ‘வடிவாச் சாப்பிடுங்கோ’ என்றால் நன்றாகச் சாப்பிடச் சொல்வது. இந்தக் காதோடு கேட்டால் வடிவழகி என்பது ‘அழகழகி’ என்று ஒலிக்கிறது. ஒரே பொருளை இரண்டு முறை அடுக்கி அதற்குக் கலைச்சொல் என்று பெயர் வைத்திருக்கிறோம். போதாததற்கு வடிவழகி என்பது பெண்களுக்கு இடும் பெயர். வடிவு, வடிவாம்பிகை, வடிவழகி எல்லாம் வீட்டில் கூப்பிடும் பெயர்கள். ‘வடிவழகி கிரேஸ் ஜோன்ஸ்’ என்று படித்த என் பெரியம்மா, அந்தப் பெண்ணின் தாய் தமிழோ என்று கேட்டார். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் தொழிலைச் சொல்லாமல் பாராட்டைச் சொல்வது. ஆசிரியரை ‘அறிவாளி’ என்று மொழிபெயர்க்கிறோமா? டொக்டரை ‘கைராசிக்காரர்’ என்று பதிவேட்டில் எழுதுவோமா? தொழிற்பெயர் என்பது செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும், அதை நன்றாகச் செய்தாரா இல்லையா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்வார். ஆண் மொடலுக்கு என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். ‘வடிவழகன்’ என்று எழுதிப் பார்த்தால் பக்திப் பாடலில் முருகனை அழைப்பதுபோல் இருக்கிறது. முதியவர்களும் உடற்குறை உள்ளவர்களும் இன்று இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். சொல் அவர்களையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, இளம்பெண்ணை மட்டும் உள்ளே விடுகிறது.

கிரேஸ் ஜோன்ஸின் தொழில் வாழ்க்கை முழுவதுமே இந்தச் சொல்லுக்கு எதிரான சாட்சி. 1948இல் ஜமேக்காவின் ஸ்பானிஷ் டவுனில் பிறந்து, பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பிரிவின் கடுமையான கட்டுப்பாட்டில் வளர்ந்தவர். பதின்ம வயதில் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகருக்கு வந்து, பிறகு நியூயோர்க்கில் மொடலானார். 1970இல் பாரிஸ் போனார். இவ் சான் லோரான், கென்சோ போன்றோரின் உடைகளை அணிந்து நடந்தார், ஹெல்மட் நியூட்டன் அவரைப் படம் பிடித்தார். அன்றைய இதழ்களின் அட்டைகளை நிறைத்திருந்த மென்மையான முகங்களுக்கும் அவருக்கும் ஒட்டே கிடையாது. தூக்கிய கன்ன எலும்பு, கருகருவென்ற தோல், கோணங்களால் ஆன உடம்பு. அழகி என்று பாராட்டி வாங்கிய பெயரில்லை அது. பார்த்தவர் கண்ணை எடுக்க முடியாமல் நின்றதால் வந்த பெயர்.

1981இல் வந்த ‘நைட்கிளப்பிங்’ இசைத்தட்டின் அட்டையைப் பாருங்கள். ழான்-போல் கூட் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் அமைத்த படம். தலைமுடி பலகைபோல் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. அகலத் தோள் வைத்த ஆண் கோட்டு, உள்ளே சட்டை இல்லை. உதட்டில் நேராகத் தொங்கும் சிகரெட். தோல் நீலமோ கறுப்போ என்று பிரித்துச் சொல்ல முடியாத நிறம். ஆணா பெண்ணா, மனிதரா சிலையா என்ற கேள்வியை அந்தப் படம் வேண்டுமென்றே எழுப்புகிறது. இதற்குக் கீழே ‘வடிவழகி’ என்று எழுதுபவர் படத்தைப் பார்க்காமல்தான் எழுதியிருக்க வேண்டும். பஹாமாஸில் ஸ்லை, ரொபி என்ற இரண்டு ஜமேக்கா வாத்தியக்காரரும் சேர்ந்திசைக்க ஒலிப்பதிவான அந்தத் தொகுப்புதான் அவரைப் பெரிய பாடகியாக நிலைநிறுத்தியது. 1985இல் ஜேம்ஸ் பொண்ட் படத்தில் மே டே என்ற பாத்திரத்தில் நடித்தார். வில்லனின் மெய்க்காப்பாளி, ஐஃபல் கோபுரத்திலிருந்து பரசூட்டில் குதித்துத் தப்புபவள். பொண்ட் படங்களில் பெண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கும் இடத்தில் அவள் நிற்கவில்லை. 2012இல் எலிசபெத் அரசியின் வைரவிழாக் கச்சேரியில், 64 வயதில், ஒரு பாட்டு முழுவதும் இடுப்பில் வளையத்தைச் சுழற்றிக்கொண்டே பாடினார். பாடும்போதும் நடிக்கும்போதும் அவர் மொடலாகவே இருந்தார்: தன் உடம்பையும் உடையையும் நிற்கும் நிலையையும் கருவியாக்கி ஒரு தோற்றத்தை உண்டாக்குபவராக.

சரி, அப்படியானால் என்ன சொல்வது? நம் பாடநூல்களில் அறிவியல் மொடலுக்கு ‘மாதிரியுரு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அணு மாதிரியுரு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உயிருள்ள ஆளை மாதிரியுரு என்றால் புறக்கோட்டைப் புடவைக்கடை வாசலில் நிற்கும் பொம்மையாகிவிடுவார். ‘உடைகாட்டுநர்’ என்று ஒரு நண்பர் சொன்னார். ஓட்டுநர், நடத்துநர் வரிசையில் ஒழுங்காக உட்காருகிறது, ஆண் பெண் பேதமும் இல்லை. ஆனால் கைக்கடிகாரத்துக்கும் பற்பசைக்கும் நிற்பவர் உடை காட்டவில்லையே.

எனக்கு ஆசையான சொல் கோலம்தான். மணக்கோலம், போர்க்கோலம், மாறுகோலம் என்று தோற்றத்தையும் உடையையும் வேடத்தையும் சேர்த்து ஒரே சொல்லில் தமிழ் பிடித்து வைத்திருக்கிறது. அம்பலாங்கொடைப் பக்கத்துச் சிங்கள முகமூடி ஆட்டத்துக்கும் கோலம் என்றே பெயர். கிரேஸ் ஜோன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ஆனால் ‘கோலக் கலைஞர்’ என்று அச்சிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் வாசலில் அரிசிமாவைத்தான் தேடுவார்கள். வாசகரை ஒரு நொடி வழிதவற வைக்கும் சொல் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அதனால் நான் எழுதுவது ‘தோற்றக் கலைஞர்’. நடனக் கலைஞர், இசைக் கலைஞர் என்ற பழகிய அச்சில் வார்த்தது, விளக்கம் தேவையில்லை, யாரையும் விலக்காது, வேலையை மட்டும் சொல்கிறது. பேச்சில் மொடல் என்றே சொல்லிக்கொள்ளலாம், பிழையில்லை. பஸ்ஸையும் கோப்பியையும் ஏற்றுக்கொண்ட மொழி இதையும் தாங்கும். ஆங்கிலச் சொல் ஒன்று அப்படியே நிற்பதைவிடத் தவறான தமிழ்ச் சொல் அதன் இடத்தில் உட்காருவதே எனக்குப் பெரிய தீங்காகப் படுகிறது. முன்னதைப் பிறகு மாற்றிவிடலாம், பின்னது வேரூன்றிவிடும்.

‘ஆடம்பரப் பாடகி’யும் இதே சோம்பலில் பிறந்ததுதான். கட்டுரை எழுதியவர் பார்த்த ஆங்கிலச் சொல் ‘ஃபிளம்போயன்ட்’ ஆக இருக்க வேண்டும். பிரெஞ்சில் அதற்குச் சுடர்விட்டு எரிவது என்று பொருள். ஆடம்பரம் என்பது நமக்குப் பணச் செலவு: ஆடம்பரக் கல்யாணம், ஆடம்பர வீடு. ஓர் ஆண் கோட்டையும் ஒரு வளையத்தையும் வைத்துக்கொண்டு மேடையை ஆண்டவருக்கு ஆடம்பரம் எதற்கு? ‘கண்ணைப் பறிக்கும்’ என்று நம் பாட்டிமார் சொன்ன சொற்றொடர் கையிலேயே இருக்கிறது. மும்மொழியும் புழங்கும் இந்த நகரத்தில் மொழிபெயர்ப்பாளருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லை இணையத்தில் தட்டி, முதலில் வந்து விழுவதை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தச் சொல் தங்கள் வீட்டுப் பேச்சில் என்ன பொருள் தருகிறது என்று உரக்க ஒருமுறை சொல்லிப் பார்ப்பதில்லை. ‘வடிவு’ என்ற சொல்லை நாள் முழுக்கப் பேசுகிற ஒருவர் வடிவழகி என்று எழுதும்போது கை எப்படித் தயங்காமல் போகிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

‘சுப்பர் மொடல்’ வந்தால் என்ன செய்வது என்று ஓர் உதவி ஆசிரியர் கேட்டார். ‘முன்னணித் தோற்றக் கலைஞர்’ என்று எழுதலாம். ‘பேரழகி’ என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.