பள்ளியில் ஜெயித்த கோச் கல்லூரியிலும் ஜெயிப்பாரா?

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பது என் தொழில். "வருஷா வருஷம் கோப்பை வாங்குகிற கோச்சைக் கல்லூரிகள் ஏன் கூப்பிடுவதில்லை?" என்று பெற்றோர் கேட்பார்கள். கூப்பிட்ட கதை ஒன்று இருக்கிறது.

பாப் வேட் பயிற்சியில் பால்டிமோர் டன்பார் பள்ளி 1982-83இல் ஆடிய 31 ஆட்டங்களையும் வென்றது. பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியின் கேப்டனான ரெஜ்ஜி லூயிஸுக்கு அந்த அணியின் முதல் ஐவரில் இடமில்லை. அவ்வளவு பலம்! 1986இல் மேரிலாந்து பல்கலைக்கழகம் வேடை அழைத்தது. மூன்று பருவங்களில் 36 வெற்றி, 50 தோல்வி. அங்கே ஆடிய நட்சத்திர வீரர் லென் பயாஸ் இறந்த அதிர்ச்சியில் கல்லூரியே கலங்கிக் கிடந்த நேரம் அது. பழி முழுவதையும் அவர்மேல் போடக் கூடாது. ஆனால் டன்பாரில் அவருக்கு இருந்த ஆள்பலம் அங்கே எதிரணிகளிடமும் இருந்தது.

ஆட்டமும் மாறுகிறது. பள்ளியில் 32 நிமிடம், கல்லூரியில் 40. பல மாநிலப் பள்ளி ஆட்டங்களில் ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் ஷாட் அடிக்க வேண்டும் என்ற கெடு, கிடையாது. கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னிலை என்றால் "பந்தை விடாதே, சுற்றிக்கொண்டே இரு" என்று கத்தினால் போதும். கல்லூரியில் 30 விநாடிக்குள் ஷாட் அடித்தே ஆக வேண்டும். அந்த ஷாட்டை யார், எங்கிருந்து அடிப்பது என்பதை முன்பே பழக்கியிருக்க வேண்டும். அப்புறம் ஆள் சேர்ப்பு. ஊர் ஊராகப் போய்ப் பையனையும் அவன் அம்மாவையும் சம்மதிக்க வைக்க வேண்டும். இப்போதோ, சேர்ந்தவன் அடுத்த வருஷமே வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம்.

டான் ஹர்லி நியூவார்க் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளியில் 223 வென்று 21 மட்டுமே தோற்றவர். 2010இல் அவர் போனது வேக்னர் என்ற சின்னக் கல்லூரிக்கு. முதல் பருவம் 13 வெற்றி, 17 தோல்வி; அடுத்தது 25-6. பிறகு ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்திலும் முதல் பருவம் 8-21. தோற்றுக் கற்றுக்கொள்ள அந்த இரண்டு இடங்களும் அவருக்கு அவகாசம் கொடுத்தன என்பது என் கணிப்பு. 2018இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2023, 2024 தேசியப் பட்டங்கள் அவருடையவை.

அதனால் சக கோச்சுகளிடம் நான் சொல்வது: பெரிய கல்லூரி அழைத்தாலும் முதலில் சின்ன இடமோ உதவிப் பயிற்சியாளர் வேலையோ கிடைக்குமா என்று பாருங்கள். ஆள் எடுக்கும் கல்லூரிகளும் கோப்பை அலமாரியை விட்டுவிட்டு, நட்சத்திர வீரர்கள் படிப்பு முடித்துப் போன மறுவருஷம் அந்த அணி எப்படி ஆடியது என்று விசாரிக்கட்டும். பள்ளியிலேயே இருந்துவிடுவதும் குறைச்சல் இல்லை. டிமாத்தா பள்ளியை விட்டுப் போகாத மார்கன் வூட்டன் 1,274 ஆட்டங்களை வென்றார். 2000இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கில் இடமும் பெற்றார்.