மாட்டுக்குப் போட்ட வலி ஊசி மனிதர்களைக் கொன்றது எப்படி?

செத்துக் கிடந்த பாறுக் கழுகுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, அறுத்துப் பார்த்தபோது ஈரலும் சிறுநீரகமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. மேலே படிந்திருந்தது யூரிக் அமிலம். நம் உடம்பு புரதக் கழிவை யூரியாவாக்கிச் சிறுநீரில் கரைத்து அனுப்பிவிடுகிறது. பறவைகள் அதையே யூரிக் அமிலமாக்கி எச்சத்தோடு தள்ளுகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். சிறுநீரகம் செயலிழந்தால் யூரிக் அமிலம் ரத்தத்திலேயே தேங்கி, உள்ளுறுப்புகளின் மேல் படிகமாக உறைந்துவிடும். அதன்பிறகு பறவை சில நாள்கூடத் தாங்காது.

1990களில் இந்தியா முழுக்கப் பாறுகள் இப்படித்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் இந்தச் சரிவை முதலில் பதிவு செய்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். கோடிக்கணக்கில் இருந்த பறவைகளில், வெண்முதுகுப் பாறு மட்டும் 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்துபோனது. பூச்சிக்கொல்லியா, வைரஸா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2004இல் பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு விடையைச் சொன்னது. இப்படிச் சிறுநீரகம் கெட்டு இறந்த பாறுகளின் உடலில் டைக்ளோஃபெனாக் இருந்தது, வேறு காரணத்தால் இறந்தவற்றில் இல்லை. மூட்டுவலிக்கு நாம் விழுங்குகிற அதே மருந்துதான். மாட்டுக்கு வீக்கமோ காய்ச்சலோ வந்தால் ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு இறந்துவிட்டால் இறைச்சியில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டது.

எல்லா மாட்டுக்கும் ஊசி போடவில்லையே, பிறகு எப்படி இத்தனை அழிவு என்று கேட்கத் தோன்றும். ஒரு சடலத்தின் மேல் பல பத்துப் பாறுகள் ஒன்றாக இறங்கும். மாட்டுச் சடலங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஐந்தாண்டாவது ஆகும். இழப்பை ஈடுகட்ட அவகாசமே கிடைக்கவில்லை.

இனி மனிதர் பக்கம் வருவோம். பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி உட்பட நமக்கு ஆபத்தான பலவற்றை அது அழித்துவிடும். கூட்டமாக இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் மாடு வெறும் எலும்பாகிவிடும். கோடிக்கணக்கில் மாடுகளும் எருமைகளும் உள்ள நாட்டில் இவ்வளவு பெரிய துப்புரவு வேலை காசில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பாறுகள் போனபின் சடலங்கள் ஊர்ப்புறத்தில் அழுகின, நீர்நிலைகளில் வீசப்பட்டன. நாய்கள் பெருகின. நாயோடு வெறிநோயும் வந்தது.

இந்தத் தொடர்ச்சியைச் சொல்வது எளிது, நிரூபிப்பதுதான் கடினம். பொருளியலாளர்கள் எயால் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் அதற்குக் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1990களின் நடுவில் டைக்ளோஃபெனாக் விலை சரிந்து நாடெங்கும் மருந்து பரவியது. அதன் பின்விளைவு மட்டும் எல்லா மாவட்டத்திலும் ஒன்றாக இருக்க முடியாது. இயற்கையாகவே பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்கள் உண்டு, ஏற்காத மாவட்டங்களும் உண்டு. மருந்து வருவதற்கு முன்பும் பின்பும் இந்த இரு வகை மாவட்டங்களிலும் மனித இறப்பு எப்படி மாறியது என்று ஒப்பிட்டார்கள். பாறுகளை இழந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. வெறிநோய்த் தடுப்பூசி விற்பனை கூடியது, நீரின் தரம் கெட்டது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. பாறுகளைக் காப்பது பறவை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதை இந்தியா 2006இல் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2015இல்தான் மனிதர்களுக்கான ஊசி மருந்தை 3 மி.லி. குப்பிக்குள் அடக்கினார்கள். இதற்கிடையே அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்து வந்தது. மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது! அதையும், பாறுகளைக் கொல்லும் மற்றொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனையும் கால்நடைகளுக்குத் தடுக்க 2023 ஆயிற்று, அதே வகையைச் சேர்ந்த நிமெசுலைடைத் தடுக்க 2024 இறுதி ஆயிற்று. இத்தனைக்கும் பாறுகளைப் பாதிக்காத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து 2006 முதலே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தமிழ்நாட்டில் முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் இருக்கின்றன. ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. அங்கே இன்னோர் ஆபத்தும் உண்டு. புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தெளித்தால், புலியோடு பாறுக் கூட்டமும் மடியும். மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைத்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். மருந்து விஷயத்தில் ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கேட்பது ஒன்றே: கால்நடைக்கான வலி மருந்து எதுவானாலும், பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்தறிந்த பிறகே உரிமம் தர வேண்டும். இன்றுவரை நாம் பறவைகள் செத்த பிறகுதான் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.